பழைய சாகசக் கதை எழுத்தாளர்களில் யாருடைய வாழ்க்கை அவர் எழுதிய கதையைவிடச் சுவாரசியமானது?

என் ஓட்டு ராபர்ட் லூயி ஸ்டீவன்சனுக்கு. 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதிய ஸ்காட்லாந்துக்காரர்.

அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே பலரும் நேராகச் சமோவா தீவுக்குப் போய்விடுவார்கள். வாழ்நாள் முழுக்க நுரையீரல் நோயாளி, கடைசியில் பசிபிக் பக்கம் குடியேறினார், 1894-ல் 44 வயதில் அங்கேயே இறந்தார், ஊர்க்காரர்கள் காடு வெட்டிப் பாதை போட்டு மலையுச்சியில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கெல்லாம் முன்னால், 1881-ல் ஸ்காட்லாந்தின் பிரேமார் என்ற ஊரில் ஒரு விடுமுறை வீட்டுக்குள் நடந்த கதை.

வெளியே ஓயாத மழை. மனைவி ஃபேனியின் முதல் கணவருக்குப் பிறந்த பையன் லாயிடுக்கு அப்போது 13 வயது. வேறு போக்கிடம் இல்லாமல் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கூடச் சேர்ந்து வரைந்த ஸ்டீவன்சன், இல்லாத ஒரு தீவுக்கு வரைபடம் போட்டுவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கதை முளைத்தது. நாளுக்கு ஒரு அத்தியாயம், எழுதியதை வீட்டாருக்கு வாசித்துக் காட்டுவது என்று 15 நாளில் 15 அத்தியாயம். பையன்களுக்கான கதை, பெண்களே வேண்டாம் என்று ஏற்பாடு. கதாநாயகன் ஜிம்மின் அம்மா மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிட்டார்!

இதில் நான் ரசிப்பது அப்பா தாமஸ் ஸ்டீவன்சனை. கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர் குடும்பம் அது. மகனும் அதே தொழிலுக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவனோ சட்டம் படித்தான், அந்தத் தொழிலையும் செய்யவில்லை, போதாக்குறைக்கு மத நம்பிக்கையும் போய்விட்டது என்று சொல்லி வீட்டில் பெரிய ரகளை. அப்படிப்பட்ட மனிதர் இந்தக் கதையைக் கேட்டதும் லாயிடைவிடச் சின்னப் பையனாகிவிட்டார். கதையில் வரும் பழைய மாலுமி பில்லி போன்ஸின் பெட்டியைத் திறக்கும் கட்டம் வந்தபோது, உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு உறையின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகள், வெள்ளிக்கட்டி, ஸ்பானியக் கடிகாரம், கூடவே ஐந்தாறு கடற்சிப்பிகளும் கிடக்கும். கடற்கொள்ளைத் தலைவன் ஃபிளின்டின் கப்பலுக்கு 'வால்ரஸ்' என்று பெயர் வந்ததும் அவர் பிடிவாதத்தால்தான்.

16-வது அத்தியாயத்தில் ஸ்டீவன்சனுக்குக் கை நின்றுவிட்டது. மீதியைச் சுவிட்சர்லாந்தின் டாவோஸில், சிகிச்சைக்குப் போன இடத்தில், முடித்தார். 'யங் ஃபோக்ஸ்' பத்திரிகையில் புனைபெயரில் தொடராக வந்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1883-ல் புத்தகமானதும் நிலைமையே வேறு.

கதையின் வில்லன், ஒற்றைக்கால் ஜான் சில்வரும் வெறும் கற்பனை இல்லை. எலும்புக் காசநோயில் ஒரு காலை இழந்த கவிஞர் வில்லியம் எர்னஸ்ட் ஹென்லி ஸ்டீவன்சனின் நெருங்கிய நண்பர். மறுகாலைக் காப்பாற்றியவர் எடின்பரோவில் டாக்டர் ஜோசப் லிஸ்டர். அந்த மருத்துவமனையில்தான் ஸ்டீவன்சன் ஹென்லியைச் சந்தித்தார். ஊனத்தை மீறி நின்ற அவருடைய மிடுக்கிலிருந்துதான் சில்வர் பிறந்தான் என்று பின்னாளில் அவருக்கே கடிதம் எழுதினார். 1888-ல் ஃபேனி எழுதிய ஒரு சிறுகதை விஷயத்தில் இருவருக்கும் மனக்கசப்பு வந்து நட்பு முறிந்தது, அது தனிக்கதை. இதே ஹென்லியின் மகள் மார்கரெட் ஐந்து வயதிலேயே இறந்துபோனாள். எழுத்தாளர் ஜே.எம்.பேரியை அவள் மழலையில் கூப்பிட்ட விதத்திலிருந்துதான் அவர், 'பீட்டர் பான்' நாயகிக்கு வெண்டி என்று பெயர் வைத்தார். ஒரே வீட்டிலிருந்து சில்வரும் வெண்டியும்!

அந்த வரைபடம் என்ன ஆயிற்று? பதிப்பகத்துக்கு அனுப்பியது போய்ச் சேரவே இல்லை. கதையை வைத்துக்கொண்டு, அதிலுள்ள தூரம் திசையெல்லாம் பொருந்தும்படி, அப்பாவின் அலுவலகத்தில் மறுபடி வரைந்தார்கள். விதவிதமான கையெழுத்தில் எழுதும் வித்தை தெரிந்த அப்பா, கேப்டன் ஃபிளின்டின் கையெழுத்தைத் தானே 'போர்ஜரி' செய்து கொடுத்தார். மகனுக்கு என்னவோ இந்த இரண்டாவது படம் மனசுக்கு ஒட்டவே இல்லை.

வரைபட விஷயத்தை 1894-ல் வந்த 'மை ஃபர்ஸ்ட் புக்' கட்டுரையில் ஸ்டீவன்சனே சொல்லியிருக்கிறார். குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாவலை முடித்துவிட்டு அதைத் திறவுங்கள், இல்லையென்றால் பாதி ருசி போய்விடும்.