டயட் சொல்ல மாட்டேன்

கேள்வி: போன தையில் ஒரு கல்யாண வீட்டில் என் நாத்தனார் என் மகளிடம், "என்னட்டி இப்படி ஊதிட்டே, மாப்பிள்ளை கிடைக்குமா?" என்று அக்கறையில்தான் கேட்டார். அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. நன்றாக மெலிந்துவிட்டாள், எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் அடிக்கடி தலைசுற்றல். மூன்று மாதமாகத் தீட்டு வரவில்லை. ராத்திரியெல்லாம் சமையல் வீடியோ பார்க்கிறாள், தட்டை வைத்தால் சண்டை. எடை கூடாமல் சத்தாக ஒரு டயட் சொல்லுங்களேன்.
- ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: டயட் சொல்ல மாட்டேன். முதலில் அந்த அக்கறையைப் பேசிவிடுவோம்.

நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் சந்தனம் எடுக்கும் முன்பே ஆளை அளந்துவிடுகிறார்கள். பெருத்துட்டே, இல்லாவிட்டால் வத்திட்டே. பெண் பெரிய மனுஷியானதும் இடுப்புக்கு வலு வேண்டும் என்று கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டி, உருண்டையைக் கையில் கொடுத்து, "முழுசையும் தின்னுட்டி" என்று பக்கத்திலேயே நிற்பவர்களும் இதே அத்தைமார்தான். ஜாதகத்தை வெளியே எடுத்ததும் அதே இடுப்பு அவர்கள் கண்ணை உறுத்துகிறது. இதை அக்கறை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எடையைச் சொல்லிக் கேலி செய்தால் பிள்ளைகள் திருந்துவதில்லை. ஒளித்துத் தின்னவும் பட்டினி கிடக்கவும்தான் பழகுகிறார்கள். குண்டான நடிகர் நடந்து வந்தாலே சிரிப்பு என்று நினைக்கும் சினிமாக்காரர்களோடு எனக்குள்ள சண்டை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். "பத்தே நாளில் பத்து கிலோ" விளம்பரமும் எவ்வளவு கொடுத்தாலும் இந்த இதழில் வராது.

சமையல் வீடியோவைத் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். அது பட்டினி செய்யும் வேலை. 1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாங்களாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களைச் சுமார் ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். அவர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புத்தான். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். எரிச்சல், சோர்வு, குளிர், நாடித்துடிப்பே குறைந்துபோனது. உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதான். ஊரார் பாராட்டுவது ஒரு நோயின் அடையாளத்தை. டாக்டர்கள் இதை உணவு உண்ணும் கோளாறு (ஈட்டிங் டிஸார்டர்) என்பார்கள்.

இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், பொட்டாசியம், ஈசிஜி எல்லாம் பார்க்க வேண்டும். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ அன்றைக்கே போக வேண்டும். ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் முதலில் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். "அவ்வளவு ஒல்லியாத் தெரியலையே" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். எந்த எடையிலும் இந்த நோய் வரும், ஆபத்தும் குறைவில்லை.

பயந்துபோய் ஒரேயடியாகத் திணிக்கவும் வேண்டாம். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இதயத்துக்கே ஆபத்து வரலாம். எவ்வளவில் தொடங்குவது என்பதை டாக்டர் சொல்லட்டும். அப்புறம் வேளாவேளைக்குக் கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் சொதியை விட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்கள், அப்பளத்தை நொறுக்கி மேலே பரப்புவார்கள், வாய்க்குள் ஒன்றும் போயிருக்காது, இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார்கள். திட்டாதீர்கள், கலோரி பேசாதீர்கள், எடை பார்க்கும் மிஷினை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். குணமாக மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கிலும் ஆகலாம், ஆனால் குணமாக முடியும்.

நாத்தனாரிடம் நீங்கள்தான் பேச வேண்டும், மகளை விடாதீர்கள். "மைனி, இனிமே அவ உடம்பைப் பத்தி நல்லதாவும் பேச வேண்டாம், கெட்டதாவும் பேச வேண்டாம்" என்று நேரிலேயே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.