“சூப்பர்டா”வுக்கு அப்புறம் என்ன சொல்வது?

கேள்வி: என் அக்கா மகன் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். மேலேயிருந்து விழும் தமிழ் எழுத்துகளைத் தட்டிச் சொல் சேர்க்கிற மாதிரி ஒரு பிரவுசர் கேம் செய்திருக்கிறான். லிங்க் அனுப்பி, “சித்தி, விளையாடிப் பார்த்துச் சொல்லுங்க” என்றான். “சூப்பர்டா” என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை. சரி என்று தோன்றிய குறைகளை எல்லாம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. அடுத்த லெவலை இந்த வாரம் அனுப்பப் போகிறான். கம்ப்யூட்டர் விவரம் தெரியாத நான் அவனிடம் எப்படிச் சொல்வது?
ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கம்ப்யூட்டர் விவரம் தெரியாது என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு வேண்டியதே அப்படிப்பட்ட ஒருவர்தான். எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று செய்தவனுக்குத் தெரியும். அதனாலேயே, தெரியாதவர் எங்கே தடுமாறுவார் என்பது அவன் கண்ணுக்குப் படாது. இந்த ஊரில் கேம் டெஸ்டிங் வேலையில் பல வருஷம் இருந்துவிட்ட எனக்கும், ஒரு கேமை முதல் தடவை விளையாடுவது ஒரு தடவைதான் வாய்க்கும். ஆகவே புது லெவலைத் திறப்பதற்கு முன் போனில் ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கை, மைக்கோடு சேர்த்து, போட்டுவிடுங்கள். “இது எதுக்கு?”, “ஓ, இதைத் தட்டணுமா?” என்று மனதில் வருவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விளையாடுங்கள். அதை அப்படியே அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்கு நான் கடைப்பிடிப்பது ஒன்றுதான். எனக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்வேன், அதற்கு மருந்து சொல்ல மாட்டேன். “ரொம்பக் கஷ்டமா இருக்கு” என்பது தீர்ப்பு. “ஸ்பீடைக் குறைடா” என்பது மருந்து. “மூணாவது சொல்லில் எழுத்தைப் பார்த்துட்டேன், விரல் போறதுக்குள்ள கீழே போயிடுச்சு, நாலு தடவையும் அங்கேதான் தோத்தேன்” என்பதுதான் நடந்தது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரே தொல்லைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். எழுத்து சின்னதாக இருந்திருக்கலாம். தட்டுகிற இடம் விரலுக்குப் போதாமல் இருந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. அவன் போன் திரை வினாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கிறது, உங்களுடையது 120 தடவை என்று வையுங்கள். ‘ஒவ்வொரு தடவையும் எழுத்தை இவ்வளவு கீழே நகர்த்து’ என்று அவன் எழுதியிருந்தால், உங்கள் போனில் எழுத்து இரட்டிப்பு வேகத்தில் விழும். அவன் போனில் அது தெரியவே தெரியாது. “குறை” என்ற பேச்சைக் கேட்டுக் குறைத்தால், அவன் போனில் கேம் மந்தமாகிவிடும், உங்கள் போனில் அப்போதும் இரண்டு மடங்குதான். அதனால் போன் மாடல், பிரவுசர் இரண்டையும் மறக்காமல் எழுதுங்கள்.

நானே ஒரு பையனிடம், “விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கிற பகுதி ரொம்ப நீளம்” என்றேன். அவன் பாதியாக வெட்டினான். அடுத்து விளையாடியவர்களுக்கு விளையாட்டே புரியவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கு அலுப்பு வந்தது நீளத்தால் இல்லை, அதைத் தாண்டிப் போகிற பட்டன் கண்ணில் படாததால். அந்தப் பையனின் ஒரு வார வேலை என் வாயால் வீணானது இன்னும் உறுத்துகிறது.

தமிழ் கேம் என்பதால் ஒன்றைக் கூடுதலாகக் கவனியுங்கள். நமக்கு ‘கி’ ஒரே எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது க-வும் ஒரு கொக்கியுமாக இரண்டு துண்டு. ‘கொ’ இன்னும் சிக்கல். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைக்கலாம், தனித்தனி இரண்டு குறியாகவும் வைக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று, நிரலுக்கு வேறு வேறு. நீங்கள் ‘கொடி’ என்று சரியாகச் சேர்த்தும் தப்பு என்று காட்டினால், உங்கள் தமிழைச் சந்தேகிக்காதீர்கள். எந்தச் சொல், எந்த எழுத்துகளைத் தட்டினீர்கள் என்று அப்படியே எழுதுங்கள். கொம்பு எழுத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

கேம் யாருக்கு என்றும் அவனிடம் கேளுங்கள். பெங்களூருவில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், படிக்க எழுத்துக் கூட்டுவார்கள். அவர்களுக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றாக விழுந்தால் அதுவே பெரிய லெவல். அப்படி ஒரு பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தால் போனைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பாருங்கள். “அங்க தட்டு” என்று சொல்லிக்கொடுத்தால் போச்சு.

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கிற ‘வேர்டில்’ (Wordle) கேமின் கதை உங்களுக்குத் தைரியம் தரும். ஜாஷ் வார்டில் அதைத் தன் துணைவிக்காகச் செய்தார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000. அதில் பலவற்றை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவற்றைப் பார்த்துச் சுமார் 2,500 ஆகக் குறைத்துக் கொடுத்தவர் அந்தத் துணைவிதான். இந்தச் சொல் தெரியும், இது தெரியாது என்று சொன்னதுதான் அவர் செய்த உதவி. 2021 அக்டோபரில் வெளியான அந்த கேமை 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. அக்கா மகனின் சொற்பட்டியலுக்கு நீங்களும் இதைச் செய்யலாம்.

வசதியான நாற்காலியில் மட்டும் விளையாடாதீர்கள். அல்சூரிலிருந்து மெஜஸ்டிக் போகும்போது மெட்ரோவில் நின்றுகொண்டு, ஒரு கையால், சத்தத்தை அணைத்து ஆடுங்கள். எம்.ஜி. ரோடு தாண்டி வண்டி தரைக்கடியில் இறங்கும். அங்கே நெட் விட்டுப்போனால் கேம் நிற்கிறதா, ஸ்கோர் போகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். விரலைக் கீழ்நோக்கி இழுத்தால் ஆண்ட்ராய்டு க்ரோமில் பக்கமே ரெஃப்ரெஷ் ஆகிவிடும், அதையும் பாருங்கள்.

போன தடவை அவன் ஏன் முகம் வாடினான்? பின்னணி நிறம் பிடிக்கவில்லை என்பதும் கேம் ஹேங் ஆனது என்பதும் ஒரே வரிசையில் வந்திருக்கும். எல்லாமே தப்பு என்று அவன் காதில் விழுந்திருக்கும். விளையாட விடாமல் நிறுத்தியது ஒன்று, புரியாமல் போனது ஒன்று, இவ்வளவு போதும். நிறமும் எழுத்துப்பிழையும் பிறகு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டவே வேண்டாம், அவனுக்குத் தனியாக அனுப்புங்கள்.

பிடித்ததையும் இடம் சுட்டிச் சொல்லுங்கள். “சூப்பர்” அவனுக்கு உதவாதது, எது சூப்பர் என்று தெரியாததால். அது தெரியாவிட்டால் மற்றதைத் திருத்தும்போது அதையும் சேர்த்துக் கெடுத்துவிடுவான்.

நானாக இருந்தால் இப்படி அனுப்புவேன்: “கண்ணா, ரெண்டாவது லெவல் ஆண்ட்ராய்டு போன்ல, க்ரோம்ல ஆடினேன். வீடியோ கூட இருக்கு. ‘பழம்’ சேர்ந்ததும் எழுத்தெல்லாம் ஒண்ணா குதிக்குதே, அதுக்காகவே தூங்கப் போகாம இன்னும் மூணு ஆட்டம் ஆடினேன், அதை மாத்தாதே. ‘கொடி’ சரியாச் சேர்த்தும் ரெண்டு தடவை தப்புன்னு வந்துச்சு. ஆட்டத்தை நிறுத்தி வைக்கிற பட்டனைத் தேடினேன், கிடைக்கலை, குக்கர் விசில் வந்ததும் போனைக் கீழே வச்சுட்டேன், வந்து பார்த்தா தோத்துட்டேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, பக்கத்து வீட்டுப் பொண்ணு ஆடறதை நீயே உட்கார்ந்து பாரு.”