வீடுகள் வந்துவிட்டன, நடைபாதை எப்போது வரும்?

வாசகர் ஒருவரின் கேள்வி: "சாண்டா கிளாரா கவுண்டியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். எங்கள் அபார்ட்மென்டிலிருந்து கால்ட்ரெயின் ரயில் நிலையம் முக்கால் மைல்தான். ஆனால் வழியில் நடைபாதை இரண்டு இடங்களில் அறுந்துபோகிறது. நடுவில் ஒரு எக்ஸ்பிரஸ்வேயை வேறு கடக்க வேண்டும். குழந்தையை ஸ்ட்ரோலரில் வைத்துக்கொண்டு சாலையில் இறங்கித்தான் நடக்கிறேன். சிட்டியில் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். வீடு அதிகம் கட்டும் ஊர்களுக்கென்று ஒரு கிராண்ட் இருக்கிறதாமே? குடியிருப்பவர்கள் சேர்ந்து அதற்கு விண்ணப்பிக்கலாமா? நாங்கள் எச்1பி விசாவில் இருப்பவர்கள். இதிலெல்லாம் தலையிட எங்களுக்கு உரிமை உண்டா?"

உரிமை உண்டு. கலிபோர்னியாவில் 1953 முதல் இருக்கும் பிரவுன் சட்டப்படி, சிட்டி கவுன்சில் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், பேசலாம். குடியுரிமை, வாக்குரிமை, சொந்த வீடு எதுவும் தேவையில்லை. உள்ளே போவதற்குப் பெயரைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்றுகூட அவர்கள் சொல்ல முடியாது. வழக்கமான கூட்டம் என்றால் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். அதனால் பார்த்துவிட்டுத் தயாராகப் போகலாம்.

விண்ணப்பிப்பதுதான் முடியாது. அது சிட்டி, கவுண்டி, போக்குவரத்து நிறுவனம் போன்ற அரசு அமைப்புகள் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அவர்கள் எந்தத் தெருவுக்காக விண்ணப்பிக்கிறார்கள் என்பதில் உங்களால் நிறைய செய்ய முடியும். பணம் அறிவிக்கப்பட்ட பிறகு கேட்பவர்களுக்கு அநேகமாக எதுவும் கிடைப்பதில்லை. அறிவிப்புக்கு ஒன்றிரண்டு வருடம் முன்பே ஊரின் திட்டப் பட்டியலில் ஏறிவிட்ட தெருவுக்குத்தான் கிடைக்கிறது.

நீங்கள் கேள்விப்பட்டது ‘ஒன் பே ஏரியா கிராண்ட்’. அலுவலகங்களில் சுருக்கமாக ‘ஓபேக்’ என்பார்கள். சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றியுள்ள 9 கவுண்டிகளுக்கும் போக்குவரத்துத் திட்டமிடும் எம்.டி.சி. ஆணையம் இதை நடத்துகிறது. பணம் கூட்டரசின் (ஃபெடரல் அரசின்) போக்குவரத்து நிதி. சாலைப் பணிகளுக்கான பொது நிதி ஒன்று, நெரிசலையும் காற்று மாசையும் குறைப்பதற்கான நிதி ஒன்று. இந்த இரண்டையும் எம்.டி.சி. வாங்கி வட்டாரத்துக்குள் பிரித்துக் கொடுக்கிறது. 2012இல் முதல் சுற்று ஆரம்பித்தது. 2022 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற மூன்றாவது சுற்று, நான்கு நிதியாண்டுகளுக்குச் சுமார் 75 கோடி டாலர். அதில் பாதி வட்டார அளவிலான வேலைகளுக்கு, பாதி கவுண்டிகள் வழியாக ஊர்களுக்கு.

வீட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 2008இல் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு பெருநகர வட்டாரமும் சாலைத் திட்டத்தையும் வீடுகள் எங்கே வரும் என்பதையும் சேர்த்தே யோசித்து, கார் புகையைக் குறைக்க வேண்டும் என்றது. ஓபேக் அந்த யோசனையைப் பணத்தோடு முடிச்சுப் போட்டது. ஒரு கவுண்டிக்கு எவ்வளவு என்ற கணக்கில் மக்கள்தொகைக்குப் பாதி எடை, வீடுகளுக்குப் பாதி எடை. சமீபத்தில் கட்டி முடித்த வீடுகளும் சேரும், இனி இத்தனை வீடுகளுக்கு இடம் தர வேண்டும் என்று ஊர்களுக்கு விதித்த ஒதுக்கீடும் சேரும். குறைந்த வருமானக்காரர்களுக்கான வீடுகளுக்குக் கூடுதல் எடை.

அந்த ஒதுக்கீடு சின்ன எண்ணிக்கை இல்லை. 2023 முதல் 2031 வரைக்குமாக வளைகுடாப் பகுதி முழுவதற்கும் 4,41,176 வீடுகள். சான் ஹோசேக்கு 62,200, சன்னிவேலுக்கு 11,966, சாண்டா கிளாரா நகரத்துக்கு 11,632. இந்த வீடுகளுக்கு எங்கெங்கே இடம் இருக்கிறது என்று காட்டும் வீட்டுவசதித் திட்டத்தை ஒவ்வொரு ஊரும் தயாரித்து, மாநில வீட்டுவசதித் துறையிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். வருடா வருடம் ஏப்ரல் 1க்குள் முன்னேற்ற அறிக்கையும் தர வேண்டும். ஒப்புதல் இல்லாத ஊர் ஓபேக் வாசலையே மிதிக்க முடியாது. உங்கள் ஊரின் நிலை என்ன என்று அந்தத் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

இதை மிரட்டல் என்று சொல்லும் ஊர்கள் உண்டு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆயிரக்கணக்கான புதுக் குடும்பங்களுக்கு இடம் கொடுக்கும் ஊருக்குத்தான் புது நடைபாதையும் சிக்னலும் முதலில் தேவை. வேலைகளை மட்டும் வரவேற்றுவிட்டு, வேலை செய்பவர்களை ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு அந்தப்பக்கம் தள்ளும் ஊருக்கு அதே பணத்தைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

சரி, உங்கள் நடைபாதைக்கு வருவோம். அது அறுந்திருக்கும் இடத்தில் நின்று பாருங்கள். புது அபார்ட்மென்டின் முன்னால் அகலமான, வழவழப்பான நடைபாதை, ஓரத்தில் இளம் மரங்கள். அது முடியும் இடத்தில் பக்கத்து மனையின் பழைய வேலி, அதற்கு முன்னால் மண்ணோ சரளையோ. கான்கிரீட் ஒரு நேர்கோட்டில் வெட்டியதுபோல நின்றுவிடும். அந்தக் கோடுதான் மனையின் எல்லை. புதிதாகக் கட்டுபவரிடம், அவருடைய மனை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு நடைபாதை போடச் சொல்லித்தான் சிட்டி அனுமதி தருகிறது. பழைய ஒர்க்‌ஷாப்போ குடோனோ வைத்திருக்கும் பக்கத்துக்காரர் எதையும் கட்டவில்லை, அதனால் அவரிடம் கேட்க வழியில்லை. இப்படித்தான் துண்டு துண்டாக நடைபாதை உண்டாகிறது. அந்தப் பழைய மனையும் விலைபோய் அபார்ட்மென்ட் ஆகும்வரை காத்திருந்தால் உங்கள் குழந்தை கல்லூரிக்கே போய்விடும். இந்த இடைவெளிகளை அடைப்பது கிராண்டுக்கு மிகப் பொருத்தமான வேலை.

இடமும் உங்களுக்குச் சாதகம். வளர்ச்சிக்கு முன்னுரிமை என்று ஊர்களே முன்வந்து குறித்துக்கொடுத்த பகுதிகளின் வரைபடம் எம்.டி.சி.யிடம் இருக்கிறது. சன்னிவேலின் லாரன்ஸ் நிலையப் பகுதி, ஃப்ரீமான்டின் வார்ம் ஸ்பிரிங்ஸ், இர்விங்டன் எல்லாம் அதில் உண்டு. சாண்டா கிளாரா, அலமேடா போன்ற பெரிய கவுண்டிகள் தங்கள் பங்கில் 70 சதவீதத்தை இந்தப் பகுதிகளுக்குத்தான் செலவிட வேண்டும். மரின், நாபா, சொலானோ, சொனோமா என்ற வடக்குக் கவுண்டிகளுக்கு 50 சதவீதம். மூன்றாவது சுற்றில், இந்தப் பகுதியின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் இருக்கும் வேலையும் கணக்கில் சேர்ந்தது. நிலையத்திலிருந்து முக்கால் மைலில் இருக்கும் உங்கள் வழி அதற்குள் வர நல்ல வாய்ப்பிருக்கிறது.

அடுத்த கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: அந்தச் சாலை யாருடையது? எல்லாவற்றையும் சிட்டியிடம் கேட்டால் வேலை நடக்காது. சாண்டா கிளாரா கவுண்டியில் லாரன்ஸ், சென்ட்ரல், சான் டோமாஸ் போன்ற எக்ஸ்பிரஸ்வேக்கள் கவுண்டியின் பொறுப்பு. எல் கமினோ ரியல் மாநில நெடுஞ்சாலை 82, அதை மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸ் பார்க்கிறது. நீங்கள் எக்ஸ்பிரஸ்வேயைக் கடக்கும் இடத்தில் நடப்பவர்களுக்கான சிக்னல் நேரத்தைக் கூட்ட வேண்டுமென்றால், கவுண்டி சாலைத் துறைக்குத்தான் எழுத வேண்டும். நடைபாதை இடைவெளிக்கு சிட்டி. லாரன்ஸ் நிலையத்துப் பக்கம் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. நிலையம் சன்னிவேலில் இருக்கிறது, கொஞ்ச தூரம் நடந்தால் சாண்டா கிளாரா நகர எல்லை வந்துவிடும். உங்கள் வழியை ஒரு மேப்பில் வரைந்து, எந்தத் துண்டு யாருடையது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாளோடு போனால் அதிகாரி உங்களிடம் பேசும் விதமே மாறும்.

அப்புறம் பணக் கணக்கு. ‘நிதி இல்லை’ என்று சிட்டி சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. கிராண்ட் கிடைத்தாலும் திட்டச் செலவில் குறைந்தது 11.47 சதவீதத்தைக் கூட்டரசுப் பணம் அல்லாத வழியில் ஊர் போட வேண்டும். 20 லட்சம் டாலர் வேலைக்கு அது 2,29,400 டாலர். விலை ஏறினால் அந்த ஏற்றமும் ஊர் தலையில்தான். பணம் முன்கூட்டியே வராது. ஊர் செலவழித்துவிட்டு பில் அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும். கூட்டரசின் அனுமதி வருவதற்கு முன் செய்த வேலைக்கு ஒரு பைசா திரும்பாது. குறித்த ஆண்டின் ஜனவரி 31க்குள் நிதியை உறுதிசெய்யாவிட்டால் கைவிட்டுப் போகவும் கூடும். சுற்றுச்சூழல் பரிசீலனை, நில உரிமைச் சான்று என்று காகித வேலை ஏராளம். ஆள்பலம் குறைந்த சின்ன ஊர்கள் இதற்குப் பயந்தே ஒதுங்கிவிடுகின்றன. இந்த ஒரு இடத்தில் ஓபேக் விதிகள் இன்னும் இளக வேண்டும் என்பது என் கருத்து.

பத்து லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் கவுண்டிகளில் குறைந்தபட்ச கிராண்ட் பொதுவாக 5 லட்சம் டாலர். சாண்டா கிளாரா அந்த வகை. எனவே "இந்த வேலி முன்னால் ஒரு நடைபாதை போடுங்கள்" என்று கேட்டால் அது கிராண்டுக்கு எட்டாத சின்ன வேலை. "நிலையத்துக்குப் பாதுகாப்பாக நடந்துபோகும் வழி" என்று கேளுங்கள். இரண்டு இடைவெளிகள், சாலை கடக்கும் இடம், தெருவிளக்கு, ஸ்ட்ரோலரும் சக்கர நாற்காலியும் ஏறும் சரிவு எல்லாவற்றையும் ஒரே திட்டமாக்கினால் தொகையும் சரியாக வரும், மதிப்பெண்ணும் கூடும். மூன்றாவது சுற்றில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான வேலைகளுக்கு வட்டாரம் முழுக்க 20 கோடி டாலர் இலக்கு வைத்திருந்தார்கள். உங்கள் வழியில் பள்ளிக்கூடம் ஏதாவது இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், பள்ளிக்குப் பாதுகாப்பான வழி என்பதற்கு அதிலேயே 2.5 கோடி தனியாக இருந்தது. வீட்டு வாசல் தெருவின் குண்டும் குழியும் மட்டும் இதில் அடைபடாது. தார் போடும் பணம் கூட்டரசு வகைப்பாட்டில் வரும் முக்கியச் சாலைகளுக்குத்தான்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது, ஊரின் நடை-சைக்கிள் திட்டத்தையும் மூலதனப் பணிகள் பட்டியலையும் (வரும் ஆண்டுகளில் ஊர் என்னென்ன கட்டப்போகிறது என்பது) இறக்கிப் பார்ப்பது. உங்கள் இடைவெளி அவற்றில் இருக்கிறதா? இருந்தால் அந்தத் திட்ட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. இல்லையென்றால் சேர்க்கச் சொல்வதுதான் உங்கள் கோரிக்கை. அதைக் கேட்கச் சரியான இடம் ஊரின் சைக்கிள்-பாதசாரி ஆலோசனைக் குழு. கவுன்சில் கூட்டத்தைவிட அங்கே கூட்டம் குறைவு, கேட்கும் பொறுமை அதிகம். எம்.டி.சி.க்குப் போகும் திட்டத்தின் சரிபார்ப்புப் படிவம் இந்தக் குழுவின் பார்வைக்கு வர வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆகவே அவர்கள் பேச்சுக்கு எடை உண்டு. சாண்டா கிளாரா கவுண்டியில் ஊர்களிடம் திட்டங்களைக் கேட்டு எம்.டி.சி.க்குப் பரிந்துரைப்பது கவுண்டியின் போக்குவரத்து நிறுவனமான வி.டி.ஏ. அலமேடாவில் அதன் கவுண்டி போக்குவரத்து ஆணையம். அடுத்த அழைப்பு எப்போது என்று அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பதில் வரும்.

ஓபேக் ஒன்றையே நம்பி உட்கார வேண்டாம். விற்பனை வரியிலிருந்து வரும் ‘டி.டி.ஏ. ஆர்ட்டிக்கிள் 3’ என்ற நிதி நடை, சைக்கிள் வேலைகளுக்கென்றே இருக்கிறது. தொகை சிறியது என்றாலும் ஒரு சின்ன இடைவெளிக்குப் போதலாம். மாநிலத்தின் ஆக்டிவ் டிரான்ஸ்போர்டேஷன் புரோகிராம் 2013இல் இருந்து நடக்கிறது. பக்கத்து மனையில் புதுக் கட்டடத்துக்கு விண்ணப்பம் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வந்திருந்தால் ஊரின் திட்டக் கமிஷன் கூட்டத்திலேயே முன்பக்க நடைபாதை நிபந்தனையை நினைவூட்டலாம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நிலையம் அருகே ஆறு மாடிக் கட்டடம் வருகிறது என்றதும் ‘டிராஃபிக் கூடும், பள்ளியில் இடம் கிடைக்காது’ என்று எதிர்ப்புக் கடிதம் நம் வாட்ஸ்ஆப் குழுக்களிலும் சுற்றுகிறது. அதில் கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள். அந்த வீடுகள் நின்றுபோனால் ஊரின் வீட்டுவசதிக் கணக்கு பலவீனமாகும், நீங்கள் கேட்கும் நடைபாதைக்கான வாதமும் அதோடு பலவீனமாகும். 2022 செப்டம்பரில் எம்.டி.சி. கொண்டுவந்த கொள்கை இதை இன்னும் இறுக்குகிறது. ரயில் நிலையத்தைச் சுற்றி அரை மைலுக்குள் எவ்வளவு அடர்த்தியாகக் கட்ட அனுமதிக்கிறார்கள், பார்க்கிங்கை எவ்வளவு குறைக்கிறார்கள் என்பதையும் வருங்கால கிராண்டுகளுக்குப் பார்க்கப்போகிறார்கள். வீட்டுக்கும் நடைபாதைக்கும் சேர்த்தே குரல் கொடுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்தத் தெரு, எந்தக் குறுக்குத் தெருவிலிருந்து எதுவரை இடைவெளி, எத்தனை அடி, காலையில் அந்த வழியாக யார் யார் நடக்கிறார்கள் என்று எழுதுங்கள். சாலையில் இறங்கி நடக்கும் இடத்தின் படம் ஒன்று வையுங்கள். அபார்ட்மென்டில் இருக்கும் மற்ற குடும்பங்களின் கையெழுத்தும் இருக்கட்டும், வாடகைக்காரர்களா என்று யாரும் பார்க்கப்போவதில்லை. கடைசி வரியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வேலை உங்கள் மூலதனப் பணிகள் பட்டியலில் எந்த ஆண்டில் இருக்கிறது?" இல்லை என்று பதில் வந்தால், அதையே ஆலோசனைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.