பால் அலர்ஜி உள்ள கைக்குழந்தைக்கு கால்சியம் எப்படிக் கிடைக்கும்?

எட்டு மாதக் குழந்தைக்குப் பசும்பால் அலர்ஜி, தயிர் மோர் எதுவும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், தாய்ப்பாலும் கூழும்தான் போகிறது, எலும்புக்குச் சத்து போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளுக்கும் இதே அலர்ஜி. இந்தக் கவலையோடு நாட்களைக் கடத்தியவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு வயதுக்குள் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம் இருக்கும். பசும்பாலில் 120 இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் தாய்ப்பாலில் உள்ளதில் பாதிக்கு மேல் குழந்தையின் உடம்பில் சேர்ந்துவிடுகிறது. 600 மில்லி குடித்தால் 180. 20 கிராம் கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சினால் இன்னும் 70. பருப்பு, கீரை என்று ஒரு வாய் சேர்த்தால் 300-ஐ நெருங்கிவிடுகிறோம். அதனால் பயப்படாதீர்கள். இந்த வயதில் முக்கியமான ஆதாரம் தாய்ப்பால்தான், அதைக் குறைக்காமல் இருந்தால் போதும். ஃபார்முலா கொடுக்கிறவர்கள் கடையில் கிடைக்கும் சாதாரண டப்பாவை வாங்கக்கூடாது, அது பசும்பாலில் செய்தது. புரதத்தை உடைத்துத் தயாரித்த ஃபார்முலாவை மருத்துவர் எழுதித் தருவார், அதில் கால்சியம் சேர்த்தே இருக்கும்.

இப்போது உங்களைப் பற்றி. குழந்தைக்காக நீங்களும் பால், தயிர், நெய் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். நீங்கள் சாப்பிடாவிட்டாலும் தாய்ப்பாலில் கால்சியம் பெரிதாகக் குறையாது, உங்கள் எலும்பிலிருந்து எடுத்து உடம்பு கொடுத்துவிடும். பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் வேண்டும் என்கிறது அதே பரிந்துரை. பாலும் தயிரும் இல்லாமல் சாப்பாட்டிலேயே அதை எட்டுவது மிகவும் கஷ்டம். குழந்தைக்குச் சத்து போதுமா என்று வீட்டில் எல்லோரும் கேட்பார்கள், அம்மாவைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். உங்களுக்கான கால்சியம் மாத்திரையை நீங்களே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

சமையலுக்கு வருவோம். நம் வீட்டில் இருப்பதிலேயே பெரிய கை கேழ்வரகுதான், 100 கிராமில் 350 மில்லிகிராமுக்குக் குறையாது. முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் காய்ச்சினால் சத்து இன்னும் நன்றாகச் சேரும். ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டிய கேழ்வரகுப் பாலில் காய்ச்சுவது சின்னக் குழந்தைக்கு எளிதுதான், ஆனால் கால்சியத்தில் ஒரு பகுதி சக்கையோடு போய்விடும். எட்டு மாதம் ஆகிவிட்டதே, மெல்லச் சலித்த மாவுக்கு மாறலாம். ஒரு வயது வரை உப்பு வேண்டாம், சர்க்கரையும் வெல்லமும் இரண்டு வயது வரை வேண்டாம்.

முருங்கைக்கீரையிலும் கால்சியம் நிறைய உண்டு, ஆனால் குழந்தை சாப்பிடுவது ஒரு ஸ்பூன்தான் என்பதை மறக்க வேண்டாம். பருப்போடு வேகவைத்து மசித்துக் கொடுங்கள். பாலக்கில் உள்ள ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தைச் சேரவிடாது, அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். எள்ளை வறுத்துப் பொடித்துக் கூழில் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்கலாம். ஆனால் எள்ளுக்கும் அலர்ஜி வரக்கூடும், புதிதாகக் கொடுக்கும் நாளில் வேறு எதையும் புதிதாகத் தராதீர்கள், காலையில் கொடுத்துவிட்டுக் கவனியுங்கள். மீன் சாப்பிடும் வீடு என்றால், நெத்திலியை முள்ளோடு குழைய வேகவைத்து மைய அரைத்துக் கொடுப்பது நல்லது. மீனுக்கும் அதே எச்சரிக்கை. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

இவ்வளவும் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். முதல் வருடம் முழுக்க நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து என்பதுதான் பொதுவான பரிந்துரை. அதை விடாதீர்கள்.

அப்புறம் சொந்தக்காரர்கள். "ஆட்டுப்பால் குடுத்துப் பாரும்மா, அது ஒண்ணும் பண்ணாது" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது, எருமைப்பாலும் அப்படித்தான். தெருவில் கறந்து சங்கில் ஊற்றித் தரும் கழுதைப்பாலும் வேண்டாம், காய்ச்சாத பால் கைக்குழந்தைக்கு ஆபத்து. பிஸ்கட், ரஸ்க், டப்பாவில் வரும் குழந்தை உணவு எதுவானாலும் லேபிளில் மில்க் சாலிட்ஸ், கேசின், வே என்று இருக்கிறதா பாருங்கள், எல்லாமே பாலிலிருந்து வருபவை, இருந்தால் வேண்டாம்.

கால்சியம் டானிக்கை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். மருத்துவர் எழுதினால், பாட்டிலில் போட்டிருக்கும் எண் எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். 250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றால் அதில் கால்சியம் 100 மட்டும்தான்.

உண்மையான இடைவெளி ஒரு வயதுக்குப் பிறகுதான் வரும். தேவை 500 ஆக ஏறும், தாய்ப்பால் குறையும், மற்ற குழந்தைகள் பசும்பாலுக்கு மாறுவார்கள். வீட்டில் அரைத்த பாதாம் பாலும் தேங்காய்ப்பாலும் அந்த இடத்தை நிரப்பாது. சோயா ஒத்துக்கொள்ளும் குழந்தைக்குக் கால்சியம் சேர்த்த சோயா பால் உதவும், சிலருக்குச் சிறப்பு ஃபார்முலாவையே தொடரச் சொல்வார்கள். பதினோராவது மாதத்திலேயே மருத்துவரிடம் இந்தப் பேச்சை எடுங்கள். ஒரு வாரம் குழந்தை என்னென்ன சாப்பிட்டது என்று எழுதிக்கொண்டு போனால், எவ்வளவு குறைகிறது என்று அவரால் அங்கேயே கணக்குப் போட்டுச் சொல்ல முடியும்.