50 மாநில கால் டாலர் ஆல்பம் ஏன் விலை போகவில்லை?

அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வடிவத்தில் வந்த கால் டாலர் (25 சென்ட்) நாணயங்களை உங்கள் மாமா சேர்த்த ஆல்பத்தை விற்கப் போனதாகக் கேட்டிருந்தீர்கள். முகமதிப்புக்கு (நாணயத்தில் பொறித்த மதிப்புக்கு) மேல் தர முடியாது என்று கடைக்காரர் சொன்னது சரிதான், ஏமாற்றவில்லை. மாமா 1999 முதல் 2008 வரை பொறுமையாகச் சேர்த்ததை நினைத்தால் எனக்கே மனசு கேட்கவில்லை.

காரணம் அச்சடித்த அளவு. 2000-இல் வந்த வர்ஜீனியா நாணயம் மட்டுமே சுமார் 159 கோடி. அதோடு அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இதே ஆல்பத்தை நிரப்பிப் பத்திரப்படுத்தினார்கள்.

விற்கும் முன் ஒவ்வொன்றின் விளிம்பையும் பாருங்கள். செம்புக் கோடு தெரிந்தால் சாதாரணம். கோடே இல்லாமல், தலைப்பக்கம் 'எஸ்' முத்திரை (சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் குறி) இருந்தால் 90% வெள்ளியாக இருக்கலாம்; எடை சாதாரண நாணயத்தின் 5.67 கிராம் அல்ல, 6.25 கிராம் வரும்.

அப்புறம், 2004 விஸ்கான்சின் மாநில நாணயம், 'டி' முத்திரை (டென்வர் நாணயச்சாலை): அதில் உள்ள மக்காச்சோளக் கதிரின் இடப்பக்கம் கூடுதல் இலை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுங்கள்; இருந்தால் அது சேகரிப்பவர்கள் தேடும் வகை.

எதையும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள்.