சங்கத்துக்கு ஒரு இண்டெக்ஸ் வேண்டாம்

வணக்கம். டர்பன் வட்டாரக் கோயில்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் உறுப்பினர் தேடும் செயலி செய்கிறீர்கள். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் சங்கத்துக்கு ஒன்றாக இண்டெக்ஸ் (தேடுவதற்கான பதிவுத் தொகுப்பு) வைத்ததில் சர்வர் திணறுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

தரவு அதிகமானதால் வந்த வினை இல்லை இது. ஒவ்வொரு இண்டெக்ஸிலும் குறைந்தது ஒரு ஷார்டு (இண்டெக்ஸைப் பிரித்து வைக்கும் துண்டு) இருக்கும். நூறு பேர் உள்ள சின்னக் கோயிலுக்கும் அந்தச் சுமை உண்டு. ரெப்ளிகாவையும் (ஷார்டின் நகல்) சேர்த்து நோடுக்கு, அதாவது எலாஸ்டிக்சர்ச் ஓடும் ஒரு சர்வருக்கு, 1000 ஷார்டு என்பதுதான் இயல்பான வரம்பு.

எல்லாரையும் ஒரே இண்டெக்ஸில் போடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் சங்க எண்ணை கீவேர்டு வகையில் (பிரிக்காமல் அப்படியே பொருத்திப் பார்க்கும் வகை) வைத்து, அதையே ரவுட்டிங் மதிப்பாகவும் (எந்த ஷார்டு என்று தீர்மானிப்பது) கொடுங்கள். தேடும்போதும் அதைக் கொடுத்தால் தேடல் ஒரே ஷார்டுக்குப் போகும். ஆனால் அதே ஷார்டில் வேறு சங்கங்களும் இருக்கும், அதனால் ரவுட்டிங் மட்டும் பாதுகாப்பு ஆகாது. சங்க எண் ஃபில்டர் ஒவ்வொரு தேடலிலும் கட்டாயம். அந்த எண்ணை லாகின் செய்தவரின் செஷனிலிருந்து சர்வர்தான் எடுக்க வேண்டும். போன் அனுப்புவதை நம்பாதீர்கள். இதில் தயவுசெய்து அசட்டை வேண்டாம். கோயில் உறுப்பினர் பட்டியல் என்றாலே மத நம்பிக்கை பற்றிய தகவல், நம் தென்னாப்பிரிக்காவின் போபியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டம் அதற்குத் தனிப் பாதுகாப்பு கேட்கிறது.

ஒரு பெரிய சங்கம் மட்டும் ஷார்டை அடைத்துக்கொண்டால் அதற்குத் தனி இண்டெக்ஸ், முன்னால் ஒரு அலையஸ் (இண்டெக்ஸைச் சுட்டும் மாற்றுப் பெயர்).

அப்புறம் பெயர்கள். மூட்லி, மூடலி, முதலி என்று ஒரே பெயரை இங்கே பல விதமாக எழுதுகிறோம். சினானிம் (ஒரே பெயரின் மாற்று வடிவங்கள்) பட்டியலைத் தேடும் நேரத்து அனலைசரில் (எழுத்தைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி) வையுங்கள். பட்டியல் வளர்ந்தாலும் எல்லாப் பதிவுகளையும் மறுபடி இண்டெக்ஸ் செய்ய வேண்டியிருக்காது.