டெட்ராய்ட்டில் பழைய கார்: நாமே பழுது பார்ப்பதா, மெக்கானிக்கிடம் விடுவதா?

தம்பி, நீங்களும் தர்மபுரிக்காரர் என்று அறிந்ததில் மகிழ்ச்சி. டெட்ராய்ட் வந்ததும் வாங்கிய பழைய டொயோட்டா கேம்ரியில் எஞ்சின் விளக்கு எரிகிறது, கடையில் பெரிய தொகை கேட்கிறார்கள், நானே பழுது பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் எல்லா வேலையிலும் கை வைக்கக் கூடாது.

நம் ஊரில் பாகத்தின் விலைதான் கையைக் கடிக்கும், மெக்கானிக்கின் கூலி சொற்பம். இங்கே அது தலைகீழ். மணிக்கு 100 டாலருக்கு மேல் கூலி கேட்பது சாதாரணம். அதனால் சின்ன வேலைகளைக் கற்றுக்கொண்டாலே நல்ல காசு மிஞ்சும்.

முதலில் கோளாறு என்னவென்று நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களில் ஸ்டீயரிங்கின் கீழ்ப்பக்கம், காரின் கணினி பதிவு செய்யும் கோளாறு எண்களைப் படிப்பதற்கான ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகும் ரீடரை 20, 30 டாலருக்கு வாங்கலாம். ஆட்டோசோன் போன்ற உதிரிபாகக் கடைகளில் இலவசமாகவே பார்த்துச் சொல்வார்கள். பி0455 என்று வந்தால் பெட்ரோல் ஆவி கசிகிறது என்று பொருள். பல நேரம் டேங்க் மூடியைச் சரியாக மூடாததே காரணமாக இருக்கும். பி0420 வந்தால், எஞ்சின் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மீது சந்தேகம். அதற்காக உடனே புதிது வாங்கிவிடாதீர்கள், சென்சார் கோளாறாகவும் இருக்கலாம். விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் மட்டும் ஓரமாக நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

ஏசி காற்றின் ஃபில்டரை மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் காரில் அது குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியின் இரு பக்கத்தையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே சாயும். உள்ளே தெரியும் மூடியைத் திறந்து பழையதை உருவுங்கள், சருகும் தூசியும் கொட்டும். புதியதில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கும், அதைப் பார்த்து மாட்டுங்கள். பத்து நிமிட வேலை. வைப்பர், பேட்டரி, பல்பு எல்லாம் இதே தரம்தான். எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டுமென்றால் அபார்ட்மென்ட் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள், பார்க்கிங்கில் பழுது பார்க்கப் பல இடங்களில் அனுமதியில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் தலையை நுழைக்க வேண்டும்.

பிரேக்கைத் தொடாதீர்கள். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதிய செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு பிரேக் குழாய்களை அரித்துவிடுகிறது. துருவேறிய நட்டைத் திருகும்போது குழாயே முறிந்துவிடும். ஏர்பேக், ஸ்டீயரிங் வேலைகளையும் தெரிந்தவரிடமே விடுங்கள்.

மெக்கானிக்கிடம் போவதில் கூச்சம் வேண்டாம். மிச்சிகனில் பழுதுபார்க்கும் கடைகள் மாநில அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், கழற்றும் பழைய பாகம் வேண்டும் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஊரில்போல் பக்கத்தில் நின்று பார்க்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள், அந்தப் பாகம்தான் நமக்குச் சாட்சி. காரின் 17 இலக்க வின் எண்ணை (வாகன அடையாள எண்) அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ (NHTSA) இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், ரீகால் (பாதுகாப்புக் குறைக்காக நிறுவனமே காரைத் திரும்ப அழைப்பது) ஏதேனும் நிலுவையில் இருந்தால் டீலரே இலவசமாகச் சரிசெய்து தருவார்.

ரீடரில் வரும் எண்ணையும் கடைக்காரர் கொடுத்த மதிப்பீட்டையும் எனக்கு எழுதுங்கள். அந்த வேலை உண்மையிலேயே தேவைதானா என்று சேர்ந்து பார்ப்போம்.